ஆத்தா சொன்ன நம்பர்

ஆமா தங்கச்சி, சடையனூத்துதான். போன வருசம் பங்குனியில கரகம் எடுக்காம நின்னு போச்சே, அந்த ஊரேதான். நிப்பாட்டுனது யாருன்னு கேக்க வாயெடுத்துட்டு முழுங்குற பாரு, கூச்சப்படாமக் கேளு. நான்தான். ஒச்சம்மா. நல்லாப் பாத்துக்க, தலையில கொம்பு கிம்பு ஒண்ணும் மொளைக்கல.

பைய மடியில வச்சுக்கிட்டு இப்படி நகண்டு உக்காரு. பஸ்ஸு போயிச் சேர இன்னும் நேரம் கெடக்கு. ஊர்ல ஒருத்தரும் என்கூடப் பேசுறதில்ல. குழாயடிக்கு நான் போனா கொடத்த எடுத்துக்கிட்டு நகர்றாளுக. மழை பெய்யலையா, நான். கெணறு வத்திருச்சா, நான். எங்க தெரு மாயக்கா வீட்டு ஆட்ட நாய் கடிச்சுக் கொன்னு போட்டுச்சு, அதுக்கும் நான். நாய் கடிச்சா நாயத்தானடி கேக்கணும்னேன். அதனால எவளாச்சும் காதக் குடுத்தா லேசுல விட மாட்டேன், முன்னாடியே சொல்லிப்புட்டேன்.

உங்க பக்கம் எப்படியோ, எங்க ஊர்ல காப்புக் கட்டிட்டா கட்டுனதுதான். பங்குனியில ஒரு செவ்வாய்க்கெழம காளியாத்தா கோயில்ல காப்புக் கட்டுவாக. அடுத்த செவ்வாய் கரகம் எடுத்து முடியுற வரைக்கும் ஊர்க்காரக ஒருத்தரும் எல்லைக்கு வெளிய ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணாலும் போ, பொழுது சாய வீட்டுக்கு வந்துரணும். கரகம் எடுக்குறது எங்க வீட்டு ஆளு, காசிமாயன். அவுக பாட்டன் பூட்டன் காலத்துலருந்து அவுக வகையறாதான் எடுக்கணும், வேற கை படக் கூடாது. கையில காப்பு ஏறிட்டா மனுசன் வீட்டுப் பக்கம் வர மாட்டாரு. கோயில்லயே படுக்கை, ஒரு நேரச் சாப்பாடு. அந்த வாரத்துல அவுக வகையறாவுல ஒரு சாவு விழுந்தாலும் தீட்டு, ஒரு புள்ள பொறந்தாலும் தீட்டு. பங்காளிக அம்புட்டுப் பேருக்கும் தீட்டு. காப்ப அவுத்துரணும், கரகம் கிடையாது. புள்ள பொறக்குறது நல்ல காரியமாச்சே, அதுல என்ன தீட்டுன்னு என்னையக் கேக்காத. அது அப்படித்தான்.

இதுல என்னன்னா, அதுக்கு முன்னாடி மூணு வருசமா ஊருக்குள்ள சண்டை, திருவிழாவே இல்ல. ஒருவழியாக் கூடிப் பேசிப் போன வருசந்தான் எடுக்குறாக. வெளியூர்ல பொழைக்கப் போனதெல்லாம் வந்து எறங்குது. எம் மகன் தெய்வேந்திரன் ஆந்திராவுல முறுக்குக் கடை போட்டிருக்கான், அவனும் வந்துட்டான். எம் மருமக நாகஜோதி மாசமா இருக்கா. வேற யாருமில்ல, எங்கூடப் பொறந்த அண்ணன் மகதான். தலைச்சன் புள்ள. வளைகாப்புப் போட்டு அவ ஆத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. நான்தான் போயித் திரும்பக் கூட்டியாந்தேன்.

ஏன் அப்படிப் பாக்குற? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. கரகம் ஊரச் சுத்தி வந்து எங்க வாசல்ல நிக்கும்போது, எடுக்குறவரு கால்ல கொடத்துத் தண்ணி ஊத்தி ஆரத்தி எடுக்கணும், அது அந்த வீட்டு மருமக செய்யுறது. நானும் என் காலத்துல ஊத்துனவதான். அத்தன வருசம் கழிச்சுக் கரகம் வாசலுக்கு வருது, மருமக ஆத்தா வீட்டுல கெடக்கான்னா ஊரு என்ன பேசும்? பிரசவத்துக்குச் சித்திரைக் கடைசின்னு சொல்லியிருந்தாக, நாள் கெடக்கு. எங்க அண்ணன் பொண்டாட்டி, அதான் எங்க மதினி, அனுப்ப மாட்டேன்னு நின்னா. "புள்ளைக்குக் கால் வீங்கியிருக்கு ஒச்சம்மா, பஸ்ஸுல அலைய வேணாம்"ங்குறா. மாசமா இருக்கவளுக்குக் கால் வீங்காம காதா வீங்கும்னு கேட்டேன். கேட்டதுல என்ன தப்பு? இன்னைக்கு வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி ஏசுறா.

வந்தப்ப நல்லாத்தான் இருந்தா. மூஞ்சி கொஞ்சம் ஊதுன மாதிரி இருந்துச்சு, புள்ளத்தாச்சிக் களை வந்துருச்சுன்னு நானே திருஷ்டி கழிச்சுப் போட்டேன். மறுநா தலை வலிக்குது அத்தைன்னா. வெயிலுன்னேன். திருநீறு பூசிவிட்டேன். கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு அத்தைன்னா. பொழுதன்னைக்கும் செல்போன நோண்டிக்கிட்டே இருந்தா பூச்சியும் பறக்கும் பாம்பும் பறக்கும்னேன். திரும்பிப் படுத்துக்கிட்டா. வாயில்லாப் புள்ள தங்கச்சி அது. ஒண்ணு சொன்னா அதோட விட்டுரும், மறுவார்த்தை பேசாது. எங்கிட்ட அம்புட்டு மரியாதை.

சனிக்கெழம நர்ஸம்மா வந்துச்சு. ஸ்கூட்டியில ஊர் ஊரா வந்து புள்ளத்தாச்சிகளப் பாக்குமே, அந்தம்மா. நல்ல புள்ளதான், வாய் மட்டும் கொஞ்சம் கூட. கையில பட்டையச் சுத்தி பிரஷர் பாத்துச்சு. அவுத்துட்டுத் திரும்பவும் பாத்துச்சு. மூஞ்சி மாறிப் போச்சு. "இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பிரஷர் தலைக்கு ஏறுனா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது. போன ஒடனே புள்ளைய வெளிய எடுத்துருவாக, குறை மாசமானாலும் பொழைக்க வச்சிருவாக, பயப்பட வேணாம்"னு சொல்லுச்சு. அம்புட்டும் சொல்லுச்சு. என் காதுல விழுந்தது ஒண்ணுதான். புள்ளைய எடுத்துருவாக. எடுத்தாத் தீட்டு.

நர்ஸம்மாவ அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி மெதுவாக் கேட்டேன். ஏம்மா, விசேசம்னா மாசத் தீட்டத் தள்ளிப்போட மாத்திரை குடுக்குறீகல்ல, எங்க தெருவுல பாதிப் பேரு அத முழுங்கிட்டுத்தான் முளைப்பாரி தூக்குறாளுக. அது மாதிரி பிரசவத்தச் செவ்வாய் தாண்டித் தள்ளிப்போட ஒரு மாத்திரை இருந்தாக் குடும்மான்னேன். நியாயமாத்தான கேட்டேன்? அந்தம்மா என்னையப் பாத்த பார்வை இருக்கே, அடுப்புல கெடந்த கொள்ளிக்கட்டை தேவலாம். ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு நேராக் கோயிலுக்குப் போயிருச்சு.

நானும் பின்னாடியே ஓடுனேன். கோயில் வாசல்ல எங்க வீட்டு ஆளு, நாட்டாமை வீரணன், இன்னும் நாலு பெரியவுக. நர்ஸம்மா ஒண்ணு விடாம எடுத்துச் சொல்லுச்சு. எங்க வீட்டு ஆளு கையில இருந்த காப்பையே பாத்துக்கிட்டிருந்தாரு. "செவ்வாய் கரகம் எறங்கட்டும்மா, நானே தோள்ல தூக்கிட்டு வாரேன். அதுவரைக்கும் ஆத்தா பாத்துக்குவா"ன்னாரு. எம் மகன் ஒரு ஓரமா நின்னுக்கிட்டு, "போயிருவம்ப்பா, எனக்குப் பயமா இருக்கு"ங்குறான். ஊருப் பெரியவுக நிக்கிற எடத்துல பேசுற பேச்சா இது? பொண்டாட்டி சேலையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவன் எல்லாம் கரகவீட்டு வாரிசான்னு நான்தான் அதட்டுனேன். தலையத் தொங்கப் போட்டுட்டான். கண்டிச்சு வளத்த புள்ள, எம் பேச்சத் தட்ட மாட்டான்.

நாட்டாமை சொன்னாரு, நாம என்ன முடிவு பண்றது, ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்னு. பூப் போட்டாக. செவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம், ஆத்தா காலடியில போட்டு ஒரு பச்சப்புள்ளைய விட்டு எடுக்கச் சொல்றது. செவப்புன்னா ஆஸ்பத்திரி, வெள்ளைன்னா வீடு. வெள்ளை வந்துச்சு. நர்ஸம்மா தலையில அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு.

எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. என்ன கேட்டுப் பூப் போட்டீகன்னு கேட்டேன். "கரகம் தடையில்லாம எறங்கணும் தாயி, நல்ல வாக்குக் குடுன்னு கேட்டோம்"னாரு நாட்டாமை. அப்ப ஆத்தா அதுக்குத்தான சொல்லியிருக்கா, நாகஜோதியப் பத்தி யாரும் கேக்கவே இல்லையேன்னேன். ரெண்டாந்தரம் கேட்டா ஆத்தாளச் சோதிக்கிறதா ஆயிரும், பொம்பள சும்மா இருன்னாரு. சும்மா இருந்தேன். ஆத்தான்னா எனக்குப் பயம் தங்கச்சி, பொய் சொல்லல. இன்னைக்கும் பயந்தான்.

ஞாயித்துக்கெழம வாந்தி எடுத்தா. நெஞ்சுக்குழியில வலிக்குதுன்னா. சீரகத் தண்ணி போட்டுக் குடுத்தேன். நர்ஸம்மா போன் மேல போன் போட்டுச்சு. நான் எடுக்கல. எடுத்தாத் திட்டும், வேற என்ன செய்யும்?

திங்கக்கெழம சாயங்காலம் மாவிளக்கு. தெரு பூராப் பொம்பளைக தட்டுல மாவிளக்க ஏந்திக்கிட்டு வாராளுக, முன்னாடி கொட்டு போகுது. எங்க வாசலுக்கு நேராக் கொட்டுக்காரக நின்னு அடிக்கிறாக. நாகஜோதி நெலைப்படியில சாஞ்சு உக்காந்திருந்தா. திடுதிப்புன்னு ஒடம்பு வெறச்சுச்சு. அப்படியே சரிஞ்சு விழுந்து, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது.

உடனே ஒருத்தி குலவை போட்டா. அவ போட, இவ போட, தெருவே குலவை. "கரகவீட்டு மருமக மேல ஆத்தா எறங்கிட்டா"ங்குறாளுக. வேப்பங்கொழைய ஒடிச்சாந்து அவ கையில திணிக்கிறா ஒருத்தி. சூடம் கொளுத்துறா ஒருத்தி. புள்ளைய வேற வயித்துல சுமக்குறா, ரெட்டைச் சாமின்னு கன்னத்துல போட்டுக்கிறா ஒருத்தி. கொட்டுக்காரக சாமி வந்துருச்சுன்னதும் அடிய வேகமாக்கிட்டாக. கோயில்லருந்து எங்க வீட்டு ஆள அழச்சாந்தாக. அந்த மனுசன் திருநீத்துத் தட்டோட குனிஞ்சு நின்னு, "யாரு வந்திருக்கது? எதுக்கு வந்திருக்க? என்ன குறைன்னு சொல்லு தாயி"ன்னு அவகிட்டக் கேக்குறாரு. அவ எங்க சொல்லுவா.

எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? கல்யாணமாகி வந்ததுலருந்து எம் மேல ஆத்தா எறங்குறா. சாமி வந்தா எப்படி இருக்கும்னு என்னையக் கேளு. கொட்டுச் சத்தம் உள்ளங்கால்லருந்து ஏறும், ஒடம்பு தன்னால ஆடும். ஆனா மாராப்பு வெலகுனா இழுத்து விட்டுக்கத் தெரியும். கீழ கல்லு கெடந்தா ஒதுங்கி விழத் தெரியும். சுத்தி எவ எவ நிக்கிறா, எவ திருநீறு கேட்டுக் கைய நீட்டுறா, எவ மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறா, அம்புட்டும் தெரியும். அதான் சாமி. இவளுக்குச் சேலை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். கண்ணு சொருகி முழி வெள்ளையாக் கெடக்கு. வாயில நொரையோட ரத்தம். நாக்கக் கடிச்சுக்கிட்டா. ஆத்தா எறங்குனா நாக்க நீட்டுவா தங்கச்சி, கடிக்க மாட்டா.

இது சாமி இல்லைன்னு கத்துனேன். குலவைச் சத்தத்துல எவளுக்குக் கேட்டுச்சு? எம் மகன் அழுதுக்கிட்டே அவ தலையத் தூக்கி மடியில வைக்கப் போனான். சாமி வந்தவளத் தொடாதடான்னு ரெண்டு பேரு அவன இழுத்துப் போட்டாக. இழுப்பு நிக்கிது, திரும்ப இழுக்குது. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் குலவை.

அப்பத்தான் ஆடுனேன்.

கொண்டைய அவுத்து விட்டுட்டு நடுவுல குதிச்சேன். "டேய் காசிமாயா. எம் புள்ளையக் கீழ போட்டு எனக்கே வேடிக்கை காட்டுறியாடா. தூக்குடா அவள. எல்லையத் தாண்டிக் கொண்டு போடா. நானே கூட வாரேன், எவன் மறிக்கிறான்னு பாக்குறேன்"னேன். காலம் பூரா "என்னங்க, என்னங்க"ன்னு கூப்பிட்ட மனுசன டேய்னேன். நெடுஞ்சாங்கெடையா விழுந்தாரு பாரு என் கால்ல. ஊரே விழுந்துச்சு. விழுந்தாகளே ஒழிய ஒருத்தரும் எந்திரிக்கக் காணோம். நாட்டாமை கெடந்த எடத்துலருந்தே கும்புட்டுக்கிட்டு, "எதுல தாயி கொண்டு போறது, திருவிழாவுக்கு ஆள் ஏத்தியார வண்டியெல்லாம் வெளியூர் போயிருச்சே, நீயே ஒரு வழி காட்டு"ங்குறாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். "நூத்தியெட்டுக்குப் போனப் போடுங்கடா"ன்னேன்.

ஆம்புலன்ஸ் வண்டி வந்துருச்சு. தலைய விரிச்சுப் போட்டு, நெத்தி பூராக் குங்குமத்தோட, கையில வேப்பங்கொழையோட நானும் ஏறிட்டேன். வண்டியில வந்த பையன் என்னைய ஒரு பார்வை, அவள ஒரு பார்வை பாத்துட்டு, இதுல பேஷண்டு யாருன்னு கேட்டான். இப்பச் சிரிப்பா வருது. அன்னைக்குச் சிரிக்கல.

ஆஸ்பத்திரியில போனதும் வயித்துல மிஷின வச்சுப் பாத்தாக. வச்ச எடத்துலயே திரும்பத் திரும்ப வச்சுப் பாத்தாக. எனக்குப் புரிஞ்சிருச்சு. டாக்டரம்மா சின்னப் பொண்ணு. எத்தன நாளாத் தலைவலின்னு கேட்டுச்சு. ரெண்டு மூணு நாளான்னேன். "வீட்டுல பெரியவங்க யாருமே இல்லையா?"ன்னு கேக்குது. நான் நின்னுக்கிட்டிருக்கேன், என்னையப் பாத்தே கேக்குது. படிச்சவுகளுக்குப் பேசத் தெரியுறதில்ல தங்கச்சி.

பொம்பளப் புள்ள. தலை நெறைய முடி. போதும், அதக் கேக்காத.

நாகஜோதி ரெண்டு நா கண்ணே முழிக்கல. ஆத்தா, இவளையாச்சும் விட்டுட்டுப் போன்னு வராண்டாவுல உக்காந்து வேண்டிக்கிட்டேன். முழிச்சா. எங்க மதினியும் எம் மகனும் பக்கத்துல உக்காந்து, புள்ள போனதச் சொன்னாக. அவளத் தேத்தணும்னு எம் மகன் சொல்றான், ஆத்தாதான் ஜோதி ஒன்னையக் காப்பாத்துனா, அம்மா மேல எறங்கி, எல்லையத் தாண்டிக் கொண்டு போகச் சொல்லி உத்தரவு குடுத்தான்னு. அவ மெதுவா என் பக்கம் திரும்புனா. நாக்குல தையல், பேச்சே கொழகொழன்னு வருது. "அத்தை, ஆத்தா சனிக்கெழமையே வந்திருக்கலாம்ல?"ன்னா.

எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கவ நான். டீ குடிக்கிறியாத்தான்னு கேட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

அங்கருந்தே மதினி அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. எங்க வீட்டுக்கு வரல. நான் ரெண்டு தடவை போனேன், மதினி கதவச் சாத்திக்கிட்டா. எம் மகன் ஆந்திராவுக்குத் தனியாப் போயிட்டான். அவளுக்கு மட்டும் போன் போடுறான்னு கேள்வி. எனக்குப் போட நேரமில்ல போல, கடையில கூட்டமா இருக்கும்.

ஊர்லயா? கரகம் நின்னுச்சு. எங்க வீட்டு ஆளு காப்ப அவுத்துக் கெணத்துல போட்டுட்டு வந்து கவுந்து படுத்தாரு. மொதல்ல ஊரு ஒண்ணும் சொல்லல, ஆத்தா உத்தரவாச்சேன்னு அடங்கிக் கெடந்துச்சு. ஆனி பொறந்து மழைய எதிர்பாத்து மழை வரல. அப்பத்தான் மாயக்கா வாயத் தெறந்தா. ஆத்தா எங்கயாச்சும் நூத்தியெட்டுக்குப் போன் போடச் சொல்லுவாளா, ஒச்சம்மா பொய்ச்சாமி ஆடிட்டான்னு. புடிச்சுக்கிச்சு ஊரு. ஏன்டி, ஆயிரங்கண்ணுடையாளுக்கு ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்ச நம்பர் தெரியாதான்னு கேட்டேன். ஆனா எங்க வீட்டு ஆளு அன்னையிலருந்து என்கூடப் பேசுறத நிப்பாட்டிட்டாரு. சோறு வேணும்னா தட்டத் தரையில தட்டுவாரு.

போன வெள்ளிக்கெழம கோயில் முன்னாடி ஊர்க்கூட்டம். இந்த வருசம் திருவிழா எடுக்கணும், அதுக்கு முன்னாடி இந்த வழக்கத் தீக்கணும்னு. நாட்டாமை நல்ல மனுசன், நல்லதாத்தான் சொன்னாரு. "ஒச்சம்மா, சூடத்த அணைச்சு, அன்னைக்கு வந்தது ஆத்தாதான்னு ஒரு சத்தியம் பண்ணிரு. ஆத்தாளே எல்லை தாண்டச் சொன்னா அது குத்தமாகாது. கரகம் உங்க வீட்டுக்கே வரும். பொய்ச்சாமின்னு ஆச்சுன்னா உங்க வகையறாகிட்ட இருந்து கரகத்த மாத்த வேண்டியதாயிரும்"னாரு. நான் எங்க வீட்டு ஆளப் பாத்தேன். இத்தன மாசமா எம் மூஞ்சியப் பாக்காத மனுசன் நிமுந்து பாத்தாரு. "சொல்லிரு ஒச்சு"ன்னாரு. அவரு அப்படிக் கூப்பிட்டு எம்புட்டு நாளாச்சு.

சொல்லத்தான் போனேன். ஆத்தாமேல சத்தியமாச் சொல்லத்தான் போனேன். சூடத்த வாங்கி உள்ளங்கையில வச்சுக்கிட்டேன், கொளுத்துனாக. அந்நேரம் பாத்து நாட்டாமை கூட்டத்தப் பாத்துச் சொல்றாரு, "இனிமே இதையே சட்டமா வச்சுக்குவோம். காப்புக் கட்டுன பெறகு யாருக்கு என்ன சீக்குன்னாலும், ஆத்தா எறங்கி உத்தரவு குடுத்தா எல்லை தாண்டலாம், குடுக்காட்டிக் கூடாது"ன்னு. எல்லாரும் சரிதான் சரிதான்னு தலைய ஆட்டுறாக. மாயக்காவும் ஆட்டுறா. அவ பக்கத்துல அவ மருமக நிக்கிறா, வயித்தத் தள்ளிக்கிட்டு, கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு. அந்தப் புள்ளையும் தலைய ஆட்டுது.

கையில சூடம் எரியுது. நான் சொன்னேன், "ஆத்தா வரல".

யாருக்கும் புரியல. திரும்பச் சொன்னேன். "அன்னைக்கு ஆத்தா வரல. ஆத்தா வந்திருந்தா சனிக்கெழமையே வந்திருப்பா. நர்ஸம்மா பிரஷர் பாத்த அன்னைக்கே வந்து உங்களயும் என்னையும் செவுள்ல விட்டுப் புள்ளையத் தூக்கிட்டுப் போயிருப்பா. அவளுக்கு எதுக்குத் திங்கக்கெழம வரைக்கும் நேரம் வேணும்? திங்கக்கெழம வந்தது நானு. தாமதமா வந்தது மனுசி. பழியத் தூக்கி அவ தலையில போடாதீக. அடுத்தவ வீட்டுல புள்ள விழுந்தா ஆத்தா வரட்டும்னு பாத்துக்கிட்டு நிக்காதீக, அவ வர மாட்டா, நீங்கதான் போகணும்"னேன். சூடத்த இறுக்கி மூடி அணைச்சேன். இதோ பாரு, இன்னும் கொப்புளம் அமுங்கல.

எங்க வீட்டு ஆளு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போனாரு. கரகம் வேற கைக்குப் போயிருச்சு. நான் இனிமே சாமியாடக் கூடாதுன்னு தீர்ப்பு. மாயக்கா மட்டும் மறுநா விடியக்காலம் மருமகளக் கூட்டிக்கிட்டு அந்த நர்ஸம்மாவத் தேடிப் போனாளாம். எங்கிட்டச் சொல்லல. சொல்ல மாட்டா. என்கூடப் பேச மாட்டாள்ல.

இப்ப எங்க போறேன்னா கேட்ட? எங்க அண்ணன் வீட்டுக்குத்தான். யாரும் கூப்பிடல, நானாத்தான் போறேன். ஊரு கூடுன எடத்துல சொன்னத, ஆஸ்பத்திரியில கெடந்து கேட்டவகிட்டச் சொல்ல வேணாமா? அவ கேட்டு ஒரு வருசமாச்சு. மதினி கதவச் சாத்துவா. சாத்தட்டும். நான் தெருவுல நின்னு சொல்லுவேன், ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுவேன், எனக்குத் தொண்டைக்கா பஞ்சம்? நாகஜோதி வெளிய வந்து எம் மூஞ்சியப் பாக்கணும்னு இல்ல. உள்ள இருந்து கேட்டாப் போதும்.